பெரிய கம்பெனி தள்ளாடும்போது நம் பிள்ளைகள் அதில் சேரலாமா?

 

சபருக்குப் புறப்படும் இளைஞரிடம் நம் அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கத்துப் பெரியவர்கள் சம்பளத்தை மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை. "கம்பெனி எப்படி? மாசாமாசம் சம்பளம் போடுறானா? அங்கே நம்ம ஆளு யாரு இருக்கா?" என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பல ஆண்டு அனுபவம் கற்றுத் தந்த கேள்விகள் அவை. ஆனால் அதே வீட்டுப் பிள்ளைக்குச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியின் வேலைக் கடிதம் வந்துவிட்டால், ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பெயரைப் பார்த்ததும் மனம் நிறைந்து விடுகிறது.

நாமும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தான். நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கல்விக் கடனில் படித்த மாணவர் ஒருவருக்குப் படிப்பு முடியும் முன்பே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை உறுதியானது. திருச்சியில் ஒரு சிறு நிறுவனமும் அவரைக் கூப்பிட்டது. "பெரிய கம்பெனியை விட்டுவிடாதீர்கள்" என்று நாம்தான் சொன்னோம். சேரும் தேதி வரும் வரும் என்று பதினான்கு மாதம் அவர் வீட்டில் காத்திருந்தார். அதற்குள் சிறு நிறுவனத்து வாய்ப்பும் போய்விட்டது. அவருடைய அத்தா நம்மிடம் ஒரு சொல்லும் கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே அது இன்னும் நம் நெஞ்சில் நிற்கிறது. ஆலோசனை என்பது அமானிதம். அதை இனிச் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தள்ளாட்டம் மூன்று வகை

"அந்தக் கம்பெனி சரியில்லையாம், ஆளை எடுக்கிறானாம்" என்ற செய்தி வந்ததும் பயந்து ஒதுங்குவதும் தவறு, "அவ்வளவு பெரிய கம்பெனிக்கு என்ன ஆகிவிடும்?" என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்வதும் தவறு. எதனால் தள்ளாடுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, செய்யும் பொருளுக்கே மவுசு குறைவது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை இதற்கு நம் கண்முன் நடந்த சான்று. 2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து போன இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்களில் நிறைய. ஆனால் 2007-க்குப் பிறகு ஐபோனும், அடுத்து ஆண்ட்ராய்டு போன்களும் வந்து நோக்கியாவின் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 2013-ல் வருமான வரி வழக்கும் சேர்ந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேற, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பி நடந்த பாக்ஸ்கான் ஆலையும் அடுத்த மாதமே நின்றது. பின்னாளில் சால்காம்ப் நிறுவனம் அந்த இடத்தை வாங்கி 2020-ல் மீண்டும் இயக்கியது. ஆனால் 2014-ல் வேலை இழந்தவருக்கு ஆறு வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தொலைத்தொடர்பு கோபுரங்களுக்கான கருவிகளைச் செய்யும் நோக்கியாவின் இன்னொரு ஆலை ஒரகடத்தில் தொடர்ந்து ஓடியது. பெயர் ஒன்றுதான், பிரிவு வேறு. ஆகவே எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்காமல், எந்தப் பிரிவு, எந்த வேலை என்றும் கேளுங்கள்.

இரண்டாம் வகை, தொழில் நன்றாக இருந்தும் நிர்வாகம் கெட்டுப்போவது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் இதற்கு உதாரணம். 2009 ஜனவரி 7-ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, பல ஆண்டுகளாகக் கணக்கைப் பொய்யாகக் காட்டியதாகத் தாமே எழுதிக் கொடுத்தார். வங்கியில் இருப்பதாகச் சொன்ன பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. சுமார் 50,000 ஊழியர்கள் ஒரே நாளில் திகைத்து நின்றார்கள். மத்திய அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை அமர்த்தியது. ஏப்ரலில் டெக் மஹிந்திரா அந்த நிறுவனத்தை வாங்கியது. வாடிக்கையாளர்களும் வேலையும் உண்மையாகவே இருந்ததால்தான் அது பிழைத்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் குறைந்த சம்பளத்தில் வேலையின்றிக் காத்திருக்க வைக்கப்பட்டார்கள். கம்பெனி பிழைப்பது வேறு, நம் வேலை பிழைப்பது வேறு.

மூன்றாம் வகை, லாபத்தில் இருந்துகொண்டே ஆள் குறைப்பது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அந்தக் காலாண்டில் மட்டும் அதன் லாபம் 12,000 கோடி ரூபாய்க்கும் மேல். பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலைப் பதவிகளில் இருப்போரே பாதிக்கப்படுவர் என்று சொல்லப்பட்டது. இத்தகைய இடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு உள்ள ஆபத்தும், பதினைந்து வருட அனுபவத்தோடு மாறிச் செல்பவருக்கு உள்ள ஆபத்தும் ஒன்றல்ல.

வீட்டிலிருந்தே விசாரிப்பது எப்படி?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கணக்கை வெளியிட்டாக வேண்டும். பிள்ளையை உட்கார வைத்துக் கடைசி எட்டுக் காலாண்டுகளைப் பாருங்கள். வருமானம் ஏறுகிறதா, இறங்குகிறதா? கடன் கூடுகிறதா? ஒரு காலாண்டு இறங்கினால் பயமில்லை. தொடர்ந்து இறங்கினால் யோசியுங்கள்.

சத்யம் சம்பவம் காட்டியது போல, கணக்கே பொய்யாகவும் இருக்கலாம். ஆகவே வேறு அடையாளங்களையும் பாருங்கள். தணிக்கையாளரோ நிதித்துறைத் தலைவரோ திடீரென விலகினாரா? நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா? சத்யம் விவகாரத்துக்குப் பிறகு, இப்படி அடகு வைப்பதை வெளியே சொல்வதை செபி கட்டாயமாக்கியது.

எல்லாவற்றையும் விட நல்ல சான்று, அங்கே வேலை செய்கிற ஆள்தான். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, பி.எஃப். பணம் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா, வேலை இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களை எத்தனை மாதம் வைத்திருக்கிறார்கள், போன வருடம் தேர்வானவர்கள் சேர்ந்துவிட்டார்களா என்று கேளுங்கள். சம்பளம் தள்ளிப்போவதும் பி.எஃப். கட்டாமல் இருப்பதும் வீட்டுச் சுவரில் விழும் விரிசல் மாதிரி. அதைப் பார்த்த பிறகும் உள்ளே போகக் கூடாது.

கடிதத்தில் பார்க்க வேண்டியவை

* சேரும் தேதி இருக்கிறதா? தேதி இல்லாத கடிதம் வாக்குறுதி மட்டுமே. கையில் உள்ள வேறு வேலையை அதற்காக விடாதீர்கள்.
* ஆண்டுச் சம்பளம் என்று போட்டிருக்கும் தொகையில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு? பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்தே அந்தத் தொகை எழுதப்பட்டிருக்கும்.
* பயிற்சித் தேர்வில் தோற்றால் என்ன ஆகும்? பாண்டு உண்டா? எவ்வளவு தொகை?
* விலகும்போது எத்தனை நாள் நோட்டீஸ்? அவர்கள் நீக்கினால் எத்தனை நாள்?
* அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

யார் சேரலாம், யார் யோசிக்க வேண்டும்?

படிப்பு முடித்த, குடும்பப் பாரம் தலையில் ஏறாத பிள்ளை, சம்பளமும் பி.எஃப்.பும் ஒழுங்காக வருகிற, ஆனால் தள்ளாடுகிற பெரிய நிறுவனத்தில் தாராளமாகச் சேரலாம். நிபந்தனை ஒன்றுதான். அங்கே கற்கும் வேலை வெளியிலும் விலை போக வேண்டும். இரண்டு வருட நல்ல பயிற்சி, கம்பெனி போனாலும் கையோடு வரும்.

ஒரே சம்பாத்தியக்காரராக இருப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு, கூடுதல் சம்பளம் என்பதற்காக மட்டும் அங்கே மாற வேண்டாம். மாறித்தான் ஆக வேண்டுமென்றால், ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள். உமாங் செயலியில் பி.எஃப். கணக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். நிரந்தரப் பணியில் ஐந்து ஆண்டு முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. மேலாளர் பதவிகளில் இல்லாத, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது சட்டம். நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அந்த இழப்பீட்டைக் கேட்கும் உரிமை போய்விடும். "இப்போதே கையெழுத்துப் போடு" என்று நெருக்கினால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வழக்கறிஞரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ விசாரித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பெற்றோருக்கு

கம்பெனிப் பெயரைச் சொல்லியே நிக்காஹ் பேசுகிறோம். முதல் மாதச் சம்பளம் வரும் முன்பே வீட்டுக் கடனுக்கு அலைகிறோம். பிறகு வேலை போனால், அதை வீட்டில் சொல்லப் பயந்து, சென்னை அறையிலிருந்து தினமும் "ஆபீஸ்லதான் இருக்கேன் அத்தா" என்று போனில் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பெனியின் தவறுக்கு அந்தப் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. "வேலை போனா வீட்டுக்கு வா, பார்த்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையை வேலைக்கு அனுப்பும் அன்றே சொல்லி அனுப்புங்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். கம்பெனி ஒரு வாசல்தான்.

வேலைக் கடிதம் வந்திருக்கும் பிள்ளைகள், பதில் அனுப்பும் முன் அதை எடுத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். ஐ.டி. துறையில் இருக்கும் நம் சகோதரர்களோடு போனில் பேச வைக்கிறோம். கூடி மஷூரா செய்து முடிவெடுப்போம், இன்ஷா அல்லாஹ். காத்திருந்து ஏமாந்த அந்த மாணவரும் இப்போது வேறொரு நிறுவனத்தில் வேலையில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பிள்ளைகளின் கடிதங்களைப் படித்துப் பார்க்க முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவர் அவர்தான்.

வஸ்ஸலாம்.