வனைந்ததெல்லாம் விற்பனைக்கு வருவதில்லை

தில்லிக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்பாண்டம் வனையும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வணிகவியல் படித்தவனுக்கு மண்ணில் என்ன வேலை என்று அலுவலக நண்பர்கள் சிரித்தனர். காரணம் ஒரு கடன் விண்ணப்பம்.

மேற்கு தில்லியின் உத்தம் நகரில் குயவர் குடியிருப்பு ஒன்று உள்ளது. ராஜஸ்தான், ஹரியானா பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல அங்கே தொழில் செய்கின்றன. மின்சக்கரமும் மூலப்பொருளும் வாங்கக் கடன் கேட்டு அங்கிருந்து வந்த முதியவரிடம், "ஒரு நாளில் எத்தனை விளக்குகள் வனைவீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன எண்ணை முப்பதால் பெருக்கி மாத வருமானம் கணித்தேன். அவர் சற்றுத் தயங்கி, "சாஹிப், வனைந்ததெல்லாம் விற்பனைக்கு வருவதில்லை" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை.

வகுப்பின் முதற்பாடம் மண்ணைப் பிசைவது. சப்பாத்தி மாவைப் போலத்தான் என்று எண்ணினேன். அரை மணி நேரத்தில் தோள்பட்டை வலித்தது. மண்ணுக்குள் காற்றுக் குமிழ் இருத்தலாகாது. ஈரமும் எங்கும் சமமாக இருத்தல் வேண்டும். ஒருபுறம் இளகியும் மறுபுறம் இறுகியும் இருக்கும் மண் சக்கரத்தில் கைக்கு அடங்காது.

அடுத்தது மையப்படுத்துதல். வனைதலின் உயிர்நிலை இதுவே என்பேன். சுமார் அரைக் கிலோ மண்ணுருண்டையைச் சக்கரத் தட்டின் நடுவில் அழுத்தி ஒட்டி, வேகமாகச் சுழலவிட்டு, அது சிறிதும் ஆடாமல் நிற்கும்வரை இரு கைகளாலும் அணைத்துப் பிடிக்க வேண்டும். கைவலிமையால் முயன்றால் மண் கையை இழுத்துச் செல்லும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடலின் எடையையே கை வழியாக மண்ணுக்குள் செலுத்த வேண்டும். அடியில் நூலிழை அளவு விலகியிருந்தாலும் சுவர் உயர உயர அந்த விலகல் பெருகும். ஒருபுறம் தடித்து, மறுபுறம் மெலிந்து, கலம் சரியும். இதில் மட்டும் எனக்கு மூன்று ஞாயிறுகள் கழிந்தன. கை வழுக்கிச் செல்ல நீர் வேண்டும். மிகுந்தாலோ சுவர் ஊறித் தளர்ந்துவிடும். சுவரை உயர்த்தும்போது சக்கரத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் பல கிண்ணங்கள் சரிந்த பின்னரே எனக்குப் பிடிபட்டது.

தொழிற்குயவர் முறை வேறு. பெரிய மண்குவியலைச் சக்கரத்தில் ஏற்றி, அதன் உச்சியை மட்டும் மையப்படுத்தி, ஒரு விளக்கை வனைந்து நூலால் அறுத்தெடுத்து, உடனே அடுத்ததைத் தொடங்குவர். நான் ஒரு கிண்ணம் முடிப்பதற்குள் அவர்களுக்கு ஒரு பலகை நிறைந்துவிடும்.

ஆயினும் வனைவது தொழிலின் தொடக்கமே. ஈரக் கலத்தின் விளிம்பு முதலில் உலர்ந்து சுருங்க, அடி ஈரமாகவே இருந்தால் விரிசல் விழும். எனவே மெதுவாக உலர்த்த வேண்டும். கோடையின் வெப்பக்காற்றில் நெகிழித்தாள் போர்த்திக் காக்கிறோம். ஆடி, ஆவணி மழையிலோ நாட்கணக்கில் காத்தாலும் ஈரம் போவதில்லை. விரலால் அழுத்தினால் குழியாத, நகம் பட்டால் கீறல் விழும் பதத்தில் அடிப்பகுதியைச் செதுக்கிச் சீர்ப்படுத்துவர். பின்னர் முழுதும் உலர வேண்டும். உலர்ந்த கலத்தை நீரிலிட்டால் சில நிமிடங்களில் குழைந்து சேறாகும். பசுமட்கலம் என்ற சொல்லைக் குறளில் படித்திருந்தும், அதன் நிலையை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஈரம் எஞ்சிய கலம் சூளையில் 100 பாகை செல்சியஸைக் கடக்கும்போது, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கச் செய்யலாம். 573 பாகை அளவில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சட்டெனப் பருமன் மாறுகின்றன. அங்கே அவசரப்பட்டாலும் விரிசல்தான். எங்கள் வகுப்பில் முதற்சுடுதல் ஏறத்தாழ 1,000 பாகையில் நிகழும். பளபளப்புப் பூச்சு இட்டபின் 1,200 பாகைக்கு மேல் மீண்டும் ஒரு முறை. நான் செதுக்கும் நிலைவரை கொண்டுவந்த ஆறு கிண்ணங்களில் சூளையிலிருந்து முழுதாக வெளிவந்தவை இரண்டு.

என் பெருக்கல் கணக்கின் பிழை அப்போது புலப்பட்டது. உலர்த்தும் நாட்கள், சூளை நிறையும்வரை காத்திருத்தல், உடைவு, மழைக்காலம் எதுவும் அதில் இல்லை. தீபாவளி விளக்குகளுக்கு மழைக்காலத்திலேயே மண் வாங்கியாக வேண்டும். பணம் கைக்கு வருவதோ ஐப்பசியில்.

குயத்தொழில் புரியும் வாடிக்கையாளர்கள் கடன் கேட்டு வரும்போது இவற்றைத் தாங்களாகவே எங்களிடம் எடுத்துரைக்க வேண்டுகிறேன். சூளையின் கொள்ளளவு, ஒரு முறை சுட்டால் உடைவது எவ்வளவு, எந்த மாதங்களில் விற்பனை என்பவற்றைக் குறித்து வந்தால் போதும். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் குயத்தொழிலும் ஒன்று. பிணையின்றி முதற்கட்டமாக ரூ. 1 லட்சம் வரையும், அடுத்த கட்டமாக ரூ. 2 லட்சம் வரையும் 5 விழுக்காடு வட்டியில் கடன் பெற அதில் வழியுண்டு. முதற்கட்டக் கடனை 18 மாதங்களில் திருப்பிச் செலுத்தலாம்.

முதியவரின் கோப்பை மீண்டும் எடுத்தோம். சக்கரத்துக்குத் தவணைக் கடன், மண்ணுக்கும் எரிபொருளுக்கும் தனியே நடைமுறை மூலதனக் கடன் என்று பிரித்து எழுதினேன். கையொப்பமிட வந்தவர், என் மேசையில் குண்டூசிகள் இட்டு வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "அடி கனம், சாஹிப்" என்றார்.