எங்கே வெடிக்கிறது, எப்போது வெடிக்கிறது?

பழைய அம்பாசிடர் ஓடும்போது ‘படார்’ என்று வெடித்தால் பலருக்கும் முதலில் கை போவது கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவுக்குத்தான். அதைச் சற்றுத் திருகிப் பெட்ரோலைக் கூட்டியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. அடங்கிவிடுவதாலேயே, அந்த வைத்தியம் தவறு என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. சத்தம் எங்கே, எப்போது கேட்கிறது என்று பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஏனென்றால் முன்னால் கார்புரேட்டர் வாயில் வெடிப்பதும் பின்னால் சைலன்சரில் வெடிப்பதும் வெவ்வேறு நோய்கள்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று அதற்கு மேல் மிகுந்தால் கலவை மெலிந்து மெதுவாக எரியும். அடுத்த முறை இன்லெட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருந்தால், உள்ளே வரும் புதுக் கலவை பற்றிக்கொண்டு கார்புரேட்டர் வழியே திருப்பி அடிக்கும். வால்வு சரியாக மூடாவிட்டாலும், 1-3-4-2 என்ற வரிசையில் பிளக் வயர்கள் இடம் மாறினாலும் அப்படியே. சைலன்சரில் வெடிப்பதோ பெரும்பாலும் தீப்பொறியின் குற்றம். பாயின்ட் தேய்ந்தோ கண்டன்சர் பழுதாகியோ ஒரு சிலிண்டர் ‘மிஸ்’ ஆனால், அதிலிருந்த கலவை எரியாமலே வெளியேறி, சூடான குழாயில் வெடிக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் படபடவென்று பொரிந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட்டைப் பாருங்கள். ஒவ்வொரு முறை புகை பாய்ந்ததும் குழாயில் அழுத்தம் ஒரு கணம் குறையும். அப்போது விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, மீந்த பெட்ரோலை எரிய வைக்கும். கசியும் இடத்தில் மை பூசியதுபோல் கரிக்கோடு படிந்திருக்கும்.

“ஸ்க்ரூவைத் திருகியதும் சரியாகிவிட்டதே, பிறகென்ன?” என்று கேட்கலாம். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும். கலவை மெலிந்தால் வெளுக்கும், பெட்ரோல் மிகுந்தால் கரிபிடிக்கும். 1489 சிசி அம்பாசிடர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி. எனவே அடுத்தடுத்த இரண்டு பிளக்குகள் மட்டும் வெளுத்திருந்தால் அந்தப் பக்கத்து கேஸ்கட்டில் காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். அதை விட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகினால் நல்ல இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்தே பெட்ரோல் கூடி, அவை கரிபிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்பாரும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. எத்தனாலுக்குத் தன் எடையைப்போல் சுமார் 9 மடங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட்டோ பெட்ரோலுக்கென்று அளவெடுத்தது. ஆகவே கலவை ஓரளவு மெலியத்தான் செய்யும். ஆனால் அந்த மெலிவு நான்கு சிலிண்டருக்கும் பொது. ஒன்றிரண்டு பிளக்குகள் மட்டும் வெளுத்தால் பழியை எரிபொருள்மேல் போட முடியாது.

பெட்ரோலைக் கூட்டிச் சத்தத்தை மறைப்பதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. காற்று போதாமல் எரியும் பெட்ரோல் கார்பன் மோனாக்சைடை மிகுதியாக வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணையும். மேனிஃபோல்டிலோ சைலன்சரிலோ ஓட்டை இருந்தால் அது காருக்குள்ளேயே வரும். வெடிக்கும் பழைய காரைச் சரிபார்க்கும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.