இரும்புச்சத்து மாத்திரையும் கருவுற்ற தாய்மாரும்

தார் சுற்றுவதும், தறியில் அமர்ந்து நெய்வதும், வயலில் நாற்று நட்டுக் களை பறிப்பதும் நம் பெண்மக்கள் செய்யும் வேலைகளாகும். ஆயினும் அவர்களுடைய உடல்நலம் நம் சங்கக் கூட்டங்களில் பேசப்படுவது அரிது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பின் அது இரத்தசோகை. 7 கிராமுக்கும் குறைந்தால் கடுமையானது. குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தையும், பேற்றின்போது தாயின் உயிருக்கு ஆபத்தும் இதனால் நேரக்கூடும். இதைத் தடுக்கவே நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கு, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரை நாள்தோறும் ஒன்று எனும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. பேற்றிற்குப் பின்னும் 180 நாட்கள் இது தொடர்தல் வேண்டும்.

‘இரும்பு உடலைத் துருப்பிடிக்கச் செய்யும்’ என்று சொல்லி மாத்திரையை ஒதுக்குவோர் சிலர் உண்டு. இக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால் தீவிரமான வினை நிகழ்வதை 1894இல் ஃபென்டன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் எடுத்துரைத்தார். அவ்வினையில் பிறக்கும் மூலக்கூறுகள் உயிரணுவின் சவ்வையும் புரதத்தையும் சிதைக்க வல்லவை என்பது பின்னர் அறியப்பட்டது.

ஆனால் நம் உடல் கணக்கறிந்தது. கிடங்கு நூல் பதிவேட்டில் ஏறியிருக்கும்வரை கவலையில்லை. பதிவில் ஏறாது வெளியே கிடக்கும் நூலாலேயே கேடு. அவ்வாறே உடலும் இரும்பைப் பெரிட்டின் என்னும் புரதத்துள் சேமித்து, டிரான்ஸ்பெரின் என்னும் புரதத்தின் வழியே வேண்டிய இடத்திற்கு அனுப்புகிறது. கட்டுக்குள் அடங்காத இரும்பே தீங்கு செய்யும்.

விழுங்கிய இரும்பில் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. எஞ்சியது குடலில் தங்கி எரிச்சலும் மலச்சிக்கலும் தரலாம். மலம் கறுப்பது நோயன்று. இரத்தசோகையே இத்தகைய சிதைவை மிகுவிக்கிறது என்று ஆய்வுகள் பல காட்டியிருப்பதால், மாத்திரையை நிறுத்துவது பரிகாரமாகாது. அளவறிந்து உண்பதே பரிகாரம்.

இரும்பு உண்டதும் ஹெப்சிடின் என்னும் சுரப்பு மிகுந்து, அடுத்த வேளை இரும்பு உட்புகுவதைக் குறைக்கிறது. இரும்பு குறைந்த, கருவுறாத பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது கூடுதல் விகிதத்தில் இரும்பு சேர்ந்தது. ஆதலின் அளவை மிகுத்தால் பயனும் அதே அளவு மிகும் என்று கருதுவது தவறு. கர்ப்பிணிகள் தாமாகவே நாளையோ அளவையோ மாற்றலாகாது; தொல்லை மிகுந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலசீமியா போன்ற பிற காரணங்களாலும் சோகை வருமாதலின், மாத்திரை உண்டும் தேறாதவருக்கு இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

மாத்திரையைத் தேநீர், காப்பியுடன் உண்ணலாகாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவை இரும்பு சேர்வதற்குத் துணைபுரியும்.

அங்கத்தினர்கள் தத்தம் இல்லத்துக் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவைக் கேட்டறிந்து, மாத்திரை தவறாது நடைபெறுகிறதா என்று பார்த்துக்கொள்வது, பாவும் ஊடையும் பார்ப்பதைவிடக் குறைந்த கடமையன்று.