விருப்பமா, விடாப்பிடியா? பிசியோதெரபி மாணவர்களைக் கரைசேர்ப்பது எது?

காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது த்ரில். மலையில் வசிக்கும் நோயாளிக்கு?

மிளகு பறிக்க ஏறித் தவறி விழுந்தவரோ, பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவரோ சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிடலாம். ஆனால், பழையபடி நடமாட வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்காகத் தினமும் மலையிறங்கி ஏறுவது நடக்கிற காரியமா?

அதனால்தான் மலைக்கிராமத்துப் பிள்ளை ஒருவர் பிசியோதெரபி படித்து முடித்தால் ஊருக்கே லாபம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். மலையின் வாழ்க்கை தெரிந்தவர் அந்த வேலைக்கு வந்தால் எவ்வளவு நல்லது!

தடுக்கி விழும் இடம்

நாலு வருடப் பாடம், அதன்மேல் மருத்துவமனைப் பயிற்சி. இதில் பலரும் திணறுவது முதல் வருட அனாடமியில். 206 எலும்புகள், நூற்றுக்கணக்கான தசைகள். ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது... அத்தனையும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

கூடவே ஓர் உறுத்தல். டாக்டர் சீட் கிடைக்காமல் இங்கே வந்தவர்களும் உண்டு. ‘நான் ஆசைப்பட்ட படிப்பு இது இல்லையே’ என்ற எண்ணம், முதல் அரியர் விழுந்ததும் பெரிதாகிவிடும்.

ஆய்வு சொல்லும் ஆறுதல்

அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த், 2007-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘கிரிட்’ என்ற குணத்தைப் பற்றி எழுதினார். நம்மூர் வார்த்தையில் சொன்னால், விடாப்பிடி. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, நீண்டகாலம் ஒரே விருப்பத்தில் நிலைத்திருப்பது. இரண்டாவது, தடை வந்தாலும் உழைப்பைக் கைவிடாதது.

2017-ல் மார்கஸ் கிரெடே குழுவினர், அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 66,807 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். படிப்பில் ஜெயிப்பதோடு அதிகத் தொடர்பு இருந்தது உழைப்பை விடாத குணத்துக்குத்தான். விருப்பம் மாறாமல் இருப்பதற்கு அவ்வளவு தொடர்பு இல்லை. ஆக, ஆசைப்பட்டு வரவில்லை என்பதாலேயே தோற்றுவிடுவோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வெறும் பிடிவாதம் போதாது. தவறாமல் வகுப்புக்குப் போவது, முறையாகப் படிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணோடு உள்ள தொடர்பு இன்னும் வலுவானது.

என்ன செய்யலாம்?

* அன்றைய தசைகளை அன்றே, உங்கள் கை கால்களிலேயே தொட்டு, அசைத்துப் படியுங்கள்.

* புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து படம் வரைந்து பாருங்கள். மறந்த இடம் தானாகத் தெரியும்.

* புரியாத ஆங்கில வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் எழுதி, தனி நோட்டு போடுங்கள்.

* அரியர் விழுந்தால் மறைக்காதீர்கள். அந்த வாரமே சீனியரிடமோ ஆசிரியரிடமோ கேளுங்கள்.

* பணக்கஷ்டத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கொல்லிமலையில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே’ என்று ஒவ்வொரு லீவுக்கும் சொல்லிக்காட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவரின் விரல் அசையவே நாள்கணக்கில் ஆகலாம். ‘இன்னும் ஒரு தடவை முயற்சி பண்ணுங்க’ என்று அலுக்காமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்கள் பிள்ளை தயாராகிக்கொண்டிருக்கிறார்.