வளையத்தில் பொறித்த எண்

டாட் ஸ்கின்னர் அமெரிக்காவின் தேர்ந்த பாறையேறிகளில் ஒருவர். 2006 அக்டோபர் 23 அன்று, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் லீனிங் டவர் பாறையிலிருந்து கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். கயிறு அறுந்துபோகவில்லை. இடுப்பு வாரின் முன்பக்கம் இறங்கு கருவியை மாட்டும் துணி வளையம், அதாவது பிலே லூப், தேய்ந்து அறுந்திருந்தது.

இடுப்பு வார்களை 15 கிலோநியூட்டன் விசை கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. இறங்குகிற ஆள் தருவதோ ஒரு கிலோநியூட்டனை ஒட்டிய விசைதான். ஸ்கின்னரின் வளையத்தில் மீதி வலுவெல்லாம் உரசலில் போய்விட்டது. சோதனை எண் புது வாருக்கு உரியது. பழையதைக் கண்ணாலும் கையாலும்தான் சோதிக்க முடியும்.

கேரபினர் என்ற கொக்கி வளையத்தில் ஒன்றுக்கு மூன்று எண்கள் இருக்கும். நீளவாக்கில் இழுத்தால் அது குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது தரவிதி. குறுக்கே இழுத்தாலோ, பாறை விளிம்பு இடித்துக் கதவு திறந்திருந்தாலோ, கேட்கப்படுவது 7 அளவில்தான்.

விழும்போது எவ்வளவு விசை வரும்? உயரம் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. விழுந்த தூரத்தை, அதைத் தடுக்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். இரண்டு மீட்டர் கயிற்றில் நான்கு மீட்டர் விழுவதும், பத்து மீட்டர் கயிற்றில் இருபது மீட்டர் விழுவதும் கணக்குப்படி ஒரே அதிர்ச்சி. ஏனென்றால் நீளமான கயிறு அதிகம் நீண்டு கொடுக்கும். நீளாத டைனீமா இழைப் பட்டையில் நேரே மாட்டிக்கொண்டு விழுவது அதனால்தான் ஆபத்து, தூரம் ஒரு மீட்டரே ஆனாலும்.

ஆங்கரில், அதாவது பாறையில் அடித்த போல்ட்டுகளில் சுமையைக் கட்டும் இடத்தில், பலரும் தவறவிடுவது கோணத்தை. விறைப்பாகக் கட்டிய கொடியில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வருமே, அதே கணக்கு. இரண்டு போல்ட்டுகளிலிருந்து வரும் பட்டைகள் ஒட்டி இறங்கினால் போல்ட்டுக்குப் பாதிச் சுமை. இடையில் 60 பாகை என்றால் 58 சதவீதம். 120 என்றால் ஒவ்வொன்றுக்கும் முழுச் சுமை. 150-இல் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரே பட்டை வளையத்தை இரு போல்ட்டுகளிலும் கோத்து முக்கோணமாக்கினால் இன்னும் மோசம்: 60 பாகையிலேயே ஒவ்வொரு போல்ட்டும் முழுச் சுமையைத் தாங்க வேண்டிவரும். இரண்டு போல்ட் போட்டதன் பயனே போயிற்று! நீளமான பட்டை எடுத்துக்கொண்டு, அதைப் போல்ட்டுகளுக்கு நடுவே கீழே இழுத்து முடிச்சிட்டால் கோணம் சுருங்கிவிடும். அதற்காகக் கூடுதலாகச் சுமக்க வேண்டியது சில பத்து கிராம்.