கயிலாய வலம்: முதியோர் பயணத் திட்டத்தைப் படிக்கும் முறை

வழிகாட்டியுடன் மலைப் பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் அவற்றை 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று தரம் பிரித்து விளம்பரப்படுத்தினாலும், அத்தரங்களுக்குப் பொதுவான அளவுகோல் ஏதும் இல்லாமையால், ஒருவர் நடுத்தரம் என்பதை இன்னொருவர் கடினம் என்று சொல்லக்கூடும். அறுபதைக் கடந்தவர்கள் பெரிதும் விரும்பிச் செல்லும் கயிலாய மானசரோவர் யாத்திரையில் இக்குறை உயிரோடு தொடர்புடையதாகி விடுகிறது. இந்திய அரசு நடத்தும் யாத்திரைக்கு 70 வயது என்னும் உச்சவரம்பும், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு 25-க்கு மிகக்கூடாது என்னும் விதியும், டெல்லியிலும் பின்னர் வழியிலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நேபாளம் வழியாகத் தனியார் நிறுவனங்களுடன் செல்வோரோ, தம் உடல்நிலையைப் பெரும்பாலும் தாமே எடைபோட வேண்டியவர்களாக உள்ளனர்.

பயணத்தின் கடினத்தை மொத்தத் தொலைவைக் கொண்டு அளப்பதைவிட, அதன் மிகக் கடினமான ஒரே நாளைக் கொண்டு அளப்பதே சரியாகும். கயிலாய மலையை வலம்வரும் பாதை சுமார் 52 கிலோமீட்டர். அதை மூன்று நாட்களில் நடப்பார்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் தவறாமல் செல்பவருக்கு இந்தக் கணக்கு அச்சம் தராது. ஆனால் கிரிவலப் பாதை ஏறக்குறைய சமதளம். கயிலாயத்தின் இரண்டாம் நாளிலோ சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள திராபுக்கிலிருந்து 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா லா கணவாய்க்கு ஏறி, மறுபுறம் இறங்கி, மொத்தம் 20 கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த எளிய கணக்கின்படி, 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். அவ்வாறு பார்த்தால் இந்நாளுக்கு ஐந்து மணி நேரம் வருகிறது. ஆயினும் அது தாழ்ந்த மலைகளில் நடக்கும் உடல்வலுவுள்ளவருக்கான கணக்கு. காற்றழுத்தம் பாதியாகிவிட்ட டோல்மா லா பாதையில் முதியவருக்கு அதைப்போல் இருமடங்கு நேரம் ஆவது இயல்பே. இங்குள்ள ஏற்றம் மட்டுமே, சுமார் 83 மீட்டர் உயரமுள்ள திருச்சி மலைக்கோட்டையை ஒரே நாளில் ஏழு முறைக்கு மேல் ஏறுவதற்கு ஒப்பானது.

ஆயினும் திட்டத்தாளில் மிக எளிதாகத் தோன்றும் நாள்தான் உடலுக்கு மிக ஆபத்தான நாளாக இருப்பதுண்டு. நேபாள வழியில், எல்லையை அடுத்துச் சுமார் 2,800 மீட்டர் உயரத்திலுள்ள கியிரோங்கிலிருந்து 4,500 மீட்டரை ஒட்டிய சாகாவுக்குப் பேருந்திலேயே போய்விடலாம் என்பதால், அன்று ஒருவர் நூறடிகூட நடக்காமல் இருக்கலாம். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இங்கோ ஒரே நாளில் 1,700 மீட்டர் கூடுகிறது. தலைவலி, குமட்டல், சோர்வு என்று தொடங்கி, முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர்கோத்து உயிரைப் பறிக்கும் உயர்மலை நோய்க்கு இத்தகைய விரைவான ஏற்றமே முதற்காரணம். முதுமை அந்நோயை வரவழைப்பதில்லை. இளைஞரையும் அது விடாது. ஆகவே கியிரோங்கில் ஓர் இரவா, இரண்டு இரவுகளா என்னும் கேள்வி, விடுதியின் தரத்தைப் பற்றிய எந்தக் கேள்வியைவிடவும் முதன்மையானது.

முதுமை வேறு வழியில் தன்னைக் காட்டுகிறது. உடல் உழைக்கும்போது பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைகிறது; பயிற்சி இந்தச் சரிவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இதயநோய் ஐயத்திற்காக எடுக்கப்படும் டிரெட்மில் பரிசோதனை அறிக்கையில் 'மெட்' என்று ஓர் எண் இருக்கும். சும்மா அமர்ந்திருக்கையில் உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட் ஆகும். உழைப்பின்போது அதைப்போல் எத்தனை மடங்கை உடல் தாங்கியது என்பதையே அவ்வெண் சொல்கிறது. சென்னையில் 7 மெட் எட்டியவருக்கு டோல்மா லாவில் ஏறக்குறைய 4 மெட்தான் எஞ்சும். சமதளத்தில் மெல்ல நடப்பதற்கே 3 மெட் தேவைப்படுகையில், ஏற்றத்திற்கு அவரிடம் மிச்சம் என்று சொல்லத்தக்கது ஏதும் இராது. 10 மெட் எட்டியவரின் நிலை வேறு. ஆனால் இந்தச் சோதனை இதயத்தின் கையிருப்பைக் காட்டுமே தவிர, உயர்மலை நோய் வருமா என்பதைக் காட்டாது.

குதிரை அமர்த்திக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், கணவாயின் மறுபுற இறக்கம் கற்கள் நிறைந்த செங்குத்தான பாதை என்பதால், அங்கு இறங்கி நடக்க நேரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஏற்றத்தில் நுரையீரல் படும் பாட்டை இறக்கத்தில் முழங்கால் படுகிறது. உயர்மலை நோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை சிறுநீரை மிகுவிக்கும் என்பதால், உறைகுளிரில் நள்ளிரவு வெளியே செல்ல வேண்டியிருக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களும் இவற்றைக் குறித்து முன்னரே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பயணத்திற்கு முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எஞ்சுகிறது. முதல்நாள் நடைக்குப் பின் திராபுக்கிலேயே திரும்பிவிட விரும்புபவருடன், குழு மேலே சென்ற பிறகு, தனி வழிகாட்டி ஒருவர் துணைக்கு வருவாரா, வலம் தொடங்கும் ஊரான தார்ச்செனில் அவருக்கு அறையும் ஆக்சிஜனும் காத்திருக்குமா என்பதே அது. இதற்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்துடன் அறுபதைக் கடந்த எவரும் புறப்படலாகாது; ஏனெனில் திராபுக்கில் திரும்ப வழியில்லாதவர்தான், உடல் மறுத்தும் டோல்மா லாவை நோக்கி நடக்கத் துணிகிறார்.