மருந்து குடிக்கும் ஓடை

மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக் போட்டுக்கொள்கிறோம். வலி அடங்குகிறது, மருந்து முழுதாகத் தீர்வதில்லை. ஒரு பங்கு சிறுநீரோடு இறங்கிப் பாதாளச் சாக்கடையில் சேர்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மலக்கழிவு, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றை அகற்றக் கட்டப்பட்டவை. டைக்ளோபெனாக் அங்கே பெரும்பாலும் பிடிபடாமல் ஆற்றுக்குப் போய்விடுகிறது.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டியிருக்கிறது ஹெர்லெவ் ஆஸ்பத்திரி. 2014-இல் அதன் வளாகத்திலேயே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அமைத்தது, சென்னையிலும் கிளை வைத்திருக்கும் பம்பு நிறுவனமான குருண்ட்ஃபோஸ்.

ஆஸ்பத்திரிச் சாக்கடைக்கு ஏன் தனிக் கவனிப்பு? புற்றுநோய் மருந்துகள், வீரியமான ஆன்டிபயாட்டிக்குகள், ஸ்கேனுக்கு முன் ஏற்றும் அயோடின் திரவம் எல்லாம் அங்கே அடர்த்தியாக வருகின்றன. அந்தத் திரவம் உடம்பில் சிதைவதே இல்லை. உள்ளே போனபடியே வெளியேறுகிறது. ஆன்டிபயாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கும் நீரில் கிருமிகள் சாவதற்குப் பதில், அதைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன.

ஹெர்லெவில் முதலில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. பீங்கான் சவ்வுகள் நீரை வடிகட்டுகின்றன. எஞ்சிய மருந்தை ஓசோன் சிதைக்கிறது, கரித்துகள் உறிஞ்சிக்கொள்கிறது. புற ஊதாக் கதிர் மிச்சக் கிருமிகளை ஒழிக்கிறது. இப்படித் தெளிந்த நீரைப் பக்கத்திலுள்ள காக்ஸோ என்ற சிற்றோடையில் விடுவதுதான் திட்டமாக இருந்தது. சின்ன ஓடையில் அழுக்கை ஒளிக்க இடமில்லை. அதனால் இது துணிச்சலான முடிவுதான்.

ஆனால், ஊரில் விழுங்கப்படும் மருந்துகளில் பெரும்பகுதி வீடுகளில்தான் விழுங்கப்படுகிறது. ஆஸ்பத்திரியை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. அதனால்தான் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் கழிவுநீர்ச் சட்டம், மருந்து எச்சங்களை அகற்றும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பைப் பெருநகர நிலையங்களில் படிப்படியாகக் கட்டாயமாக்குகிறது. அதற்கான செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் தயாரிப்பாளர்கள் ஏற்க வேண்டும்.

நம் பக்கம் கதை மருந்து விழுங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருந்ததாக 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு சொன்னது. மருந்து சாப்பிட்டவரின் ரத்தத்தில் இருப்பதைவிட அது அதிகம். காவிரியிலும் மருந்து எச்சங்கள் இருப்பதை 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு காட்டியது.

டென்மார்க்கில் மிஞ்சிய மாத்திரையை மருந்துக்கடையே திரும்ப வாங்கிக்கொள்கிறது. நம் வீட்டில் அது குப்பைக்கோ சாக்கடைக்கோ போகிறது. விற்பவர், எழுதித் தருபவர், விழுங்குபவர் எல்லாருக்கும் மருந்தில் பங்குண்டு. அதன் கழிவுக்குத்தான் சொந்தக்காரர் இல்லை. ஹெர்லெவ் செய்தது அவ்வளவுதான்: தன் சாக்கடை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டது.